கொலைக்கு முன்பே கையசைத்த கொடிகள்

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் சிலப்பதிகாரம் ஏழாம் இயலில் செய்யுளாக வருகிறது. எடுத்துக்கொண்ட பகுதி மருவூர்ப்பாக்கம். பட்டு, பவளம், சந்தனம், கூலம், மீன், உப்பு என்று புகார் நகரத்துக் கடைத்தெரு முழுவதும் கண்முன் விரிகிறது. அதன்பிறகு காணாமல் போகும் காப்பியம், கடைசி இயலின் அணியிலக்கணப் பக்கத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக மதுரைக் கோட்டையின் கொடிகள் வருகின்றன. தன்மை அணிக்கு எடுத்துக்காட்டாக, ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அவைக்குள் நுழைந்த கண்ணகி வருகிறாள். கோவலன் சாவை நோக்கி நடப்பதும் கண்ணகி நீதி கேட்பதும் செய்யுள் பாடத்தில் இல்லை. இலக்கணப் பாடத்தில் உதிரிகளாக இருக்கின்றன.

அதே வகுப்பின் ஆங்கிலப் பாடநூலில் இதற்கு நேர் எதிரானது நடக்கிறது. அங்கே ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ துணைப்பாடமாக வருகிறது, 1807இல் சார்லஸ் லாம்பும் மேரி லாம்பும் சிறுவர்களுக்காக எழுதிய உரைநடைச் சுருக்கத்தின் வழியாக. அதில் கதை இருக்கிறது, கவிதை இல்லை. தமிழில் அணி இருக்கிறது, அது பிறந்த கதை இல்லை. இரண்டையும் படித்து முடிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, அணி என்பது தேர்வுக்காக யாரோ செய்துவைத்த பட்டியல் என்றே தோன்றும். அப்படித் தோன்றினால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

துன்பியல் நாடகத்தையும் அதன் இலக்கிய உத்திகளையும் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்ற கேள்வியைப் பொம்மிடியில் வைத்துப் பார்க்கிறது இந்தக் கட்டுரை. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயில் பாதையில், சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் அது. தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டம். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் எங்கும் ஒரே புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள் என்றாலும், எந்த ஊர்ப் பிள்ளையும் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவருவது என்ன என்பதுதான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது.

வடதமிழகம் முழுவதும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. தருமபுரி மாவட்டமும் அந்த நிலப்பரப்பில் அடங்கும். பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக ஏறும். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று இரவுகள் கடந்து, கடைசி நாள் காலையில் மண்ணால் படுக்கவைத்துச் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின்மேல் பதினெட்டாம் போர் முடியும். ஆல்ஃப் ஹில்டபீட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள் இந்த வழிபாட்டைப் பற்றியவைதாம். படுகளத்தில் துரியோதனனுக்காக ஒப்பாரி வைக்கும் வழக்கம் உண்டு. ஊரே யாருடைய சாவுக்காகக் காத்திருந்ததோ அவனுக்காகவும் ஒரு தாய் மாரடித்து அழுகிறாள். துன்பியலின் இரக்கம் பற்றி வகுப்பில் ஒரு பாடவேளை பேசி விளங்கவைக்கப் பார்ப்பதை அந்த ஒப்பாரி சில நிமிடங்களில் செய்துவிடுகிறது.

கூத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்வது சுலபம். உள்ளபடி சொன்னால், விடிய விடிய நடக்கும் கூத்தில் பிள்ளைகள் நடுச்சாமத்தில் பாயில் சுருண்டுவிடுவார்கள். சாவுக் காட்சிக்கு யாராவது தட்டி எழுப்புவார்கள். கோயில் திருவிழாவில் எல்லாச் சாதிக்கும் ஒரே இடம் கிடைத்ததில்லை என்பதும் ஊரறிந்த சங்கதி. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் கூத்து பார்த்திருப்பார்கள் என்று ஆசிரியர் நினைத்துக்கொள்ளக் கூடாது. பொம்மிடியை அடுத்த பி.பள்ளிப்பட்டியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. அங்கிருந்து வரும் பிள்ளைக்குப் புனித வாரத்தில் வாசிக்கப்படும் பாடுகளின் வரலாறு தெரியும். படைவீரர்கள் முள்முடி சூட்டி, சிவப்பு அங்கி போர்த்தி, அரசே வாழ்க என்று கேலி செய்கிறார்கள். கேலி செய்பவனுக்குத் தெரியாத ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும் சபைக்குத் தெரியும். நாடக முரண் என்று திறனாய்வில் சொல்லப்படுவது இதுதான். அந்தப் பிள்ளைக்கு அது புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொருளல்ல, பெயர் மட்டும்தான் புதிது.

இந்த இடத்தில் என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். துன்பியல் நாடகத்தில் உத்தி என்று எதை எடுத்தாலும், அது யாருக்கு எது தெரியும், யாருக்கு எது தெரியாது என்பதைப் பங்குபோடும் வேலையைச் செய்கிறது. வகுப்பில் அணியின் பெயரைக் கேட்பதற்கு முன், ‘இந்த நேரத்தில் இது யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டால் போதும். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்வோம். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்தக் கூத்துப் பிரதியை ஹன்னா டி ப்ரூயின் மொழிபெயர்த்துப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1998இல் வெளியிட்டது. கர்ணன் குந்தியின் மகன் என்பது கர்ணனுக்குத் தெரியும், குந்திக்குத் தெரியும், கண்ணனுக்குத் தெரியும், களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அம்பு விடுகிற அர்ச்சுனனுக்குத் தெரியாது. இந்த ஒரு ஏற்பாட்டை அழித்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு வில்லாளிகளின் சண்டை மட்டுமே. கர்ணன் வாயிலிருந்து வரும் சாதாரண வாக்கியம்கூட இரண்டு பொருள்பட ஒலிப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். கட்டியக்காரன் நடுவில் புகுந்து அடிக்கும் நக்கலுக்கும் இதில் பங்குண்டு. மேடைக்கும் சபைக்கும் நடுவே நிற்கும் அவன், சபைக்குத் தெரிந்ததை மேடையில் இருப்பவனிடம் சொல்லிவிடுவானோ என்ற பதைப்பு கடைசிவரை இருக்கும்.

கூத்தின் கட்டமைப்பிலேயே ஒரு பாடமுறை இருக்கிறது. விருத்தமோ தருவோ பாடி முடித்ததும் அதே சேதியை வசனத்தில் விரித்துச் சொல்வது வழக்கம். பாட்டில் நெருக்கிப் பிடித்த உவமை வசனத்தில் அவிழ்கிறது. செய்யுளைப் பாடிக் காட்டிவிட்டுப் பொருள் சொல்லும் தமிழாசிரியர் செய்வதும் அதைத்தான். ஒரு வேறுபாடு உண்டு. கூத்தில் பொருள் சொல்பவன் அந்தப் பாத்திரமாகவே நின்றுகொண்டு சொல்கிறான்.

இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் உண்மையாகவே செய்து பார்த்த இடம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. பெ.ராஜகோபால் என்ற கூத்துக் கலைஞரும் ஹன்னா டி ப்ரூயினும் இணைந்து வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கியது. அதன் குருகுலம் 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் உருவானது. பள்ளிப் பாடமும் கூத்தும் ஒரே வளாகத்தில். பெண்கள் நுழையாத கலையாகவே பலகாலம் இருந்ததில் சிறுமிகள் ஆண் வேடம் கட்டி ஆடினார்கள். ஓர் இரவுக் கூத்தின் பாட்டும் வசனமும் அடவும் மனப்பாடமான பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, எந்த உவமை எந்த இடத்தில் வருகிறது, அதற்குமுன் என்ன நடந்தது என்பது உடம்பில் ஏறியிருக்கும். சேலம் பக்கத்துக் களரிக் கூத்தைப் பற்றி மு.ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழ் வழியாகச் செய்துவரும் வேலையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பொம்மிடிக்கு அதுதான் கிட்டத்தில் இருக்கிறது.

கூத்தே பார்க்காத பிள்ளைக்கும் கர்ணனைத் தெரியும். பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’ 1964இல் வந்தது. 2012இல் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோதும் அரங்குகள் நிறைந்தன. 1991இல் மணிரத்னம் ‘தளபதி’யில் அதே கதையை எடுத்துக் கர்ணனைப் பிழைக்கவைத்தார், துரியோதனன் இடத்தில் இருந்த தேவா இறக்கிறான். வகுப்பில் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. முடிவை மாற்றினால் வேறு என்னவெல்லாம் மாறுகிறது? படத்தில் அர்ச்சுனன் இடத்தில் இருக்கும் அர்ஜுனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது, முடிவுக்கு முன்பே. தெரிந்துவிட்ட தம்பியால் அண்ணனைக் கொல்ல முடியாது. சாவு தள்ளிப்போனதற்குக் காரணம் இயக்குநரின் கருணை என்று விட்டுவிடாமல், தகவல் எப்போது யாருக்குப் போனது என்று கோடு போட்டுப் பார்க்கச் சொன்னால், அரிஸ்டாட்டில் சொல்லும் ‘கண்டறிதல்’ என்ற கருத்து பிள்ளைகளின் கைக்கே வந்துவிடும்.

கர்ணன் கதையில் இன்னொரு கூர்மையும் உண்டு. அவன் வாழ்நாள் முழுக்கக் கேட்கும் ஏச்சு பிறப்பைப் பற்றியது. கட்டிய மனைவி பொன்னுருவியே அவனைக் குலம் சொல்லி இகழ்பவளாகக் கூத்து காட்டுகிறது. 2012 நவம்பரில், ஒரு காதல் திருமணத்தைச் சாக்கிட்டு நத்தம் காலனியில் தலித் வீடுகளைக் கொளுத்திய மாவட்டம் இது. அந்த வகுப்பறையில் இந்தக் காட்சியை நடத்துவது லேசான காரியமல்ல. நடத்தாமல் தாண்டிப் போனாலும் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

இனி சிலப்பதிகாரம். முப்பது காதைகளில் பதின்மூன்றாவது புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையையைக் கடந்து மதுரையின் புறஞ்சேரிக்கு வருகிறார்கள். நடந்த களைப்பு, புதிதாகத் தொழில் தொடங்கலாம் என்ற நம்பிக்கை, அவ்வளவுதான் அவர்கள் மனதில். இளங்கோ மூன்று இடங்களில் அடுத்தடுத்து நிறுத்துகிறார். முதலில் ஆறு. வையையின் மேல் பூக்கள் மிதக்கின்றன. கண்ணகிக்கு வரப்போகும் துன்பத்தை அறிந்த நதி, கண்ணீர் தெரியாதிருக்கப் பூவாடை போர்த்துக்கொண்டது என்கிறார். அடுத்து அகழி. அதிலுள்ள பூக்கள் கண்ணில் நீரோடும் காலில் நடுக்கத்தோடும் நிற்கின்றன. கடைசியாகக் கோட்டை மதிலின் கொடிகள், வராதீர்கள் என்று கை காட்டுகின்றன.

பாடநூல் இந்த மூன்றில் கடைசியை மட்டும் கத்தரித்து எடுத்து, இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்று வரையறை தருகிறது. வரையறையில் தவறில்லை. ஆனால் ஏன் மூன்று, ஏன் இந்த வரிசை என்ற கேள்வி அந்த ஒற்றை எடுத்துக்காட்டில் எழவே முடியாது. ஆறு தன் அழுகையை மறைக்கிறது. அகழிப் பூக்களால் மறைக்க முடியவில்லை. கொடிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. ஊர் நெருங்க நெருங்க எச்சரிக்கை உரக்கிறது. நடப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஊரின் உயிரில்லாப் பொருள்களுக்கெல்லாம் தெரியும். யாருக்குத் தெரியும் என்ற கேள்வியை இங்கே கேட்டுப் பார்த்தால், தற்குறிப்பேற்றம் முன்னுணர்த்தலாகவும் நாடக முரணாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்வது புரியும். கதையிலிருந்து பிரித்துவிட்டால் இந்தக் கொடிகளுக்கு அந்தப் பாரம் கிடையாது. காற்றில் ஆடும் கொடிகளாக மட்டும் அவை இருந்துவிடும்.

கனவுகளும் இதே வேலையைச் செய்கின்றன. கண்ணகியின் கனவு புகாரில், கோவலனின் கனவு மதுரைப் புறஞ்சேரியில், கோப்பெருந்தேவியின் கனவு வழக்குரை காதையின் தொடக்கத்தில். மூவரும் கண்டார்கள், யாராலும் தடுக்க முடியவில்லை.

பதினாறாவது கொலைக்களக் காதையைப் பிள்ளைகளுக்கு உரைநடையிலாவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்பேன். மாதரியின் வீட்டில் கண்ணகி சமைத்துப் போடுகிறாள். சாப்பிட்டு எழுந்த கோவலன் இதுவரை தான் செய்ததற்கெல்லாம் வருந்திப் பேசுகிறான். ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும்போது எதிரே ஒரு காளை பாய்கிறது. ஆயர்களுக்கு அது தீய நிமித்தம். வணிகர் குலத்தில் பிறந்தவனுக்கு அது என்னவென்றே தெரியாது. அறியாமை இங்கே எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விதி, ஊழ் என்றெல்லாம் பெரிய சொற்கள் பின்னால் வரட்டும். இந்த இடத்தில் ஒரு வணிகனுக்கு மாட்டுச் சகுனம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கோவலனைச் சிலம்புக் கள்வன் என்று காட்டிய பொற்கொல்லனை நம்பி அரசன் ஆணையிடுவதும் அப்படித்தான். ஆடல் மகளிரின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கணவன்மேல் ஊடல்கொண்ட தேவி, தலைவலி என்று எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானம் செய்யப் போகிற வழியில் காலில் விழுந்து முறையிட்டவனிடம் அரசன் விசாரிக்கவில்லை. காவலரை அனுப்பிவிட்டு அந்தப்புரத்துக்குள் போகிறான். ஹமார்த்தியா என்று அரிஸ்டாட்டில் சொன்னது இந்த அளவிலான பிழையைத்தான். கொடியவனுமல்லாத, குறையே இல்லாதவனுமல்லாத ஒருவன், ஒரு நொடியில் தவறவிடுவது.

அதற்குப் பிறகு வருவது சிலப்பதிகாரத்திலேயே நாடகத்தன்மை மிக்க உரையாடல் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு வராததால் பலருக்கும் அது நினைவிருப்பதில்லை. கோவலனை நேரில் கண்ட காவலர்கள், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்களின் எட்டுவகைத் துணைகளைச் சாத்திரம்போல அடுக்குகிறான். ஒரு காவலன் தான் முன்பு ஒரு கள்வனிடம் ஏமாந்த கதையைச் சொல்கிறான். பேச்சு நீள்கிறது. நீளும் ஒவ்வொரு கணமும் கோவலன் பிழைக்க வாய்ப்பிருக்கும் கணம். அதற்குள், படிப்பும் நிதானமும் இல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இதை நான்கைந்து பிள்ளைகளை எழுப்பிவிட்டு வகுப்பிலேயே நடிக்கச் செய்யலாம். காவலராக நிற்பவர்களிடம், உங்களுக்கு என்ன தெரிந்தது, தெரிந்ததை வைத்து ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டால், வரும் பதில்களை எந்தக் கோனார் உரையிலும் பார்க்க முடியாது.

இளங்கோவின் வரிசைப்படுத்தலில் இன்னொரு சூட்சுமம். கோவலன் பதினாறாம் காதையில் இறந்துவிடுகிறான். ஆய்ச்சியர் குரவை பதினேழாவது. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மாட்டு மணி அறுந்து விழுகிறது என்று பயந்த ஆயர் பெண்கள், தீங்கு வராமல் காக்கக் கண்ணனை வேண்டி ஆடுகிறார்கள். வர வேண்டிய தீங்கு வந்து முடிந்துவிட்டது என்பது படிப்பவனுக்குத் தெரியும். அந்தக் குரவைப் பாடல்களின் அழகு முழுவதும் அதனாலேயே தாங்க முடியாததாகிறது. கிரேக்கத் துன்பியலில் பேரிடருக்குச் சற்று முன்னால் குழுவினர் மகிழ்ந்து பாடும் இடங்களை சொஃபொக்ளிஸ் வைத்திருக்கிறார். இளங்கோ ஒரு படி மேலே போய், இடர் நடந்த பிறகு அதை வைக்கிறார்.

இருபதாவது வழக்குரை காதை. வாயிலோன் ஓடிவந்து அரசனிடம் கண்ணகியைப் பற்றிச் சொல்லும்போது கொற்றவையா, காளியா, இவர்களில் யாருமில்லை என்று தெய்வங்களாக அடுக்கிக்கொண்டே போகிறான். பயந்தவனின் மொழி அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பிடும். காதையின் இறுதியில் வரும் வெண்பா இதற்கு நேர் மாறானது. உடம்பில் புழுதி, அவிழ்ந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர். பார்த்தபோதே பாண்டியன் தோற்றான், அவள் சொல் காதில் விழுந்ததும் உயிர் விட்டான் என்கிறது அது. பாடநூல் தன்மை அணிக்குத் தருவது இந்த வெண்பாவைத்தான். உள்ளதை உள்ளபடி சொல்வது ஏன் ஓர் அணி என்று எந்த மாணவருக்கும் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். வாயிலோனின் பேச்சை முன்னால் வைத்துப் படித்தால் சந்தேகம் தீரும். அவ்வளவு ஒப்புமைகளுக்குப் பிறகு எதுவுமே ஒப்பில்லாமல் நாலு பொருளை மட்டும் வைக்கும்போது, அந்த வெறுமைக்கு ஓர் அறைகிற வலு கிடைக்கிறது.

சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறிக்கிறது. தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. அரசனுக்கு உண்மை தெரிந்த கணமும் அவன் வாழ்வு தலைகீழான கணமும் ஒன்று. ‘ஈடிபஸ்’ நாடகத்தில் இந்த இரண்டும் ஒன்றாக நிகழ்வதை அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் சிறந்ததென்று பாராட்டுகிறார். குற்றவாளியைத் தேடிய ஈடிபஸ், தானே குற்றவாளி என்று காண்கிறான். கள்வனைக் கொல்லச் சொன்ன பாண்டியன், தானே கள்வன் என்று சொல்லிச் சரிகிறான். இருவேறு மொழிகள், நூற்றாண்டுகள் தள்ளிய காலங்கள். ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்று யாரும் நிறுவத் தேவையில்லை. அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

கிரேக்கத்துக்குப் போகாமலும் இதைச் சொல்ல முடியும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களைத் தருகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அச்சம் பிறக்கும் இடங்களும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசன். அச்சத்தின் பட்டியலை மதுரைக் காண்டத்தோடு வைத்துப் பாருங்கள். கள்வன் என்று சொல்லிக் கொன்றார்கள், கொல்லச் சொன்னவன் அரசன், நீதி கேட்டு வந்தவள் வாயிலோன் கண்ணுக்கு அணங்கு. எதிரே பாய்ந்த காளையையும் சேர்த்தால் நான்கும் முடிந்தது. இளங்கோ நூற்பாவை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார் என்று சொல்லவில்லை. இரக்கமும் அச்சமும் என்று கிரேக்கர் வைத்த இணைக்குச் சமமான கருவி பிள்ளைகளின் தமிழ் இலக்கண மரபிலேயே இருக்கிறது. துன்பியல் என்ற பெயரில் அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தாம் குறைவு.

வடமொழி நாடக மரபு மேடையில் சாவைக் காட்டத் தயங்கியது. பாசனின் ‘ஊருபங்கம்’ போன்ற விதிவிலக்குகள் உண்டு. தமிழில் நவீன நாடகம் எழுத வந்தவர்கள் இதைத் தெரிந்தே மீறினார்கள். பரிதிமாற்கலைஞர் ‘நாடகவியல்’ என்று இலக்கணம் எழுதியதோடு, சேரமான் கணைக்கால் இரும்பொறையின் முடிவை ‘மானவிஜயம்’ ஆக்கினார். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும் மெக்பெத்தை ‘மகபதி’ என்றும் தமிழாக்கினார். இவை இன்று பள்ளிக்கூடத்துக்குள் வருவதில்லை. மொழிநடை கடினம் என்பது உண்மைதான், ஓரிரு காட்சிகளையாவது எடுத்திருக்கலாம்.

வழக்குரை காதையை இந்த வட்டாரத்தில் வைத்துப் படிக்கும்போது வாச்சாத்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொம்மிடிக்குக் கிழக்கே, அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்துக் கிராமம். சந்தன மரம் கடத்துகிறார்கள், பதுக்கிவைத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரில் புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். கள்வர் என்ற ஒரு சொல், விசாரணை இல்லாத அதிகாரம், அதன்பின் நியாயம் கேட்டு நின்ற பெண்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது; அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், மீதி 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கண்ணகியின் வழக்கு ஓர் அவைக் காட்சியில் முடிந்தது. வாச்சாத்திப் பெண்களுக்கு முதல் தீர்ப்புக்கே பத்தொன்பது ஆண்டுகள். தன் பிழையைக் கண்டதும் அரியணையிலிருந்து விழுந்து உயிர்விட்ட பாண்டியனைப் போல இங்கே எவரும் இல்லை, தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். இந்த ஒப்பீட்டை எந்த அளவுக்குச் சொல்வது, வன்கொடுமையை எந்தச் சொற்களில் சொல்வது என்பது வகுப்பை அறிந்த ஆசிரியர் எடுக்க வேண்டிய முடிவு. சொல்லக் கூடாது என்று மட்டும் யாரும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். பிள்ளைகளில் சிலருக்கு வீட்டுப் பேச்சில் இது முன்பே தெரிந்திருக்கும்.

நடுகல்லும் அவர்களுக்குத் தெரிந்ததுதான். தருமபுரி, செங்கம் பகுதிகளின் நடுகற்களை இரா.நாகசாமி தலைமையில் மாநிலத் தொல்லியல் துறை 1970களில் பதிவுசெய்தது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் அவற்றைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். வஞ்சிக் காண்டத்தின் பெரும்பாலான காதைகளுக்குப் பெயரே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று கல் நடும் சடங்கின் படிநிலைகள்தாம். மாடு மீட்டுச் செத்த வீரனுக்கு நட்ட கல்லின் முறையை இளங்கோ நீதி கேட்ட பெண்ணுக்கு மாற்றுகிறார். நம் துன்பியல் சாவோடு நிற்பதில்லை என்பதும் இங்கே தெரிகிறது. கண்ணகிக்குக் கோயில், கர்ணனுக்கு மோட்சம், படுகளம் முடிந்ததும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. மேல்நாட்டு இலக்கணத்தின்படி இவை துன்பியலா என்று கேட்டுப் பல பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். வகுப்புக்கு அந்த விவாதம் வேண்டாம். இறந்தவரை என்ன செய்கிறோம் என்ற கேள்வி போதும்.

இவ்வளவையும் நடத்த நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. அணியிலக்கணத்துக்கு ஒதுக்கும் பாடவேளைகளையே இதற்கு எடுக்கலாம். தீவகத்தையும் நிரல்நிறையையும் வழக்கம்போல நடத்திவிட்டு, தற்குறிப்பேற்றத்தையும் தன்மையையும் மட்டும் புறஞ்சேரியிலிருந்து அவைக்களம்வரை ஒரே கதையாகச் சொல்ல வேண்டும். கதைக்கு நடுவே நாலைந்து இடங்களில் நிறுத்தி, யாருக்குத் தெரியும் என்று கேட்க வேண்டும். வஞ்சப்புகழ்ச்சிக்கு உள்ளூர்க்காரர் ஒருவரையே கூப்பிடலாம். தகடூர் (தருமபுரியின் பழம்பெயர்) அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவன் படைக்கலங்கள் மாலை சூடி நெய் பூசிப் பளபளப்பதையும் அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொல்லும் புறநானூற்று 95ஆம் பாட்டு அது. கேட்டுக்கொண்டிருந்த தொண்டைமானுக்கு முதலில் அது புகழாகப்பட்டதா, உடனே உறைத்ததா? பிள்ளைகள் இதில் கட்சி பிரிவார்கள். அந்த அதியமானும் பின்னால் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தகடூரை இழந்தான். அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை, சிதறிய சில பாடல்கள்தாம் மிச்சம்.

சிலப்பதிகாரத்தில் எந்த வகுப்பிலும் சொல்லப்படாத ஒரு சேதி உரைபெறு கட்டுரையில் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்தபின் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், பத்தினியின் சீற்றத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். திருடியவன் ஒருவன். விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றதற்காக எரிந்தது மதுரை; அதற்குப் பரிகாரமாக விசாரிக்காமல் ஆயிரம் பேர். உரைபெறு கட்டுரை இதை ஓர் உரைநடை வாக்கியத்தில் சொல்லிவிட்டு, மழை பெய்தது, நாடு செழித்தது என்று நகர்கிறது. அணி ஏதுமில்லை, அழுகையுமில்லை. அந்த ஆயிரம் பேருக்கு யார் வழக்குரைப்பது என்று பத்தாம் வகுப்பில் கேட்டுவிட்டால் அன்றைய பாடவேளை வாதத்திலேயே போய்விடும். அடுத்த நாளும் போகும். மார்ச் மாதத்து வினாத்தாளில் அதிலிருந்து ஒரு மதிப்பெண்ணுக்கும் கேள்வி வராது.